சண்டாஸ் சாவி யாரிடம் இருக்கிறது?

மும்பையின் குடிசைப் பகுதிகளில் வளர்ந்த தமிழர்களிடம் பொதுக் கட்டடம் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் மனதில் முதலில் வந்து நிற்பது சண்டாஸ்தான். ஊரில் கக்கூஸ் என்போம், அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். தாராவிக்கோ சீத்தா கேம்ப்புக்கோ வந்து ஒரு மாதம் ஆனதும் சண்டாஸ் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் இருக்கலாம், அரசு ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் போகாதவர் இருக்கலாம். இந்தக் கட்டடத்துக்குத் தினமும் போகாதவர் அந்தக் கல்லியில், அதாவது சந்தில், கிடையாது.

பள்ளி விடுமுறைக்குச் சித்தி வீட்டில் தங்கும்போது நான் பார்த்த சண்டாஸில் ஆண்கள் பக்கம் ஆறு கதவு, பெண்கள் பக்கம் ஆறு கதவு. எல்லாம் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே அகலம் இரண்டரை அடி இருந்தால் அதிகம். ஒரு கையில் தண்ணீர் டப்பா, மறு கையால் கதவைத் தள்ளி, சுவரில் உரசாமல் உடம்பைத் திருப்பி, அப்புறம் கதவைச் சாத்த வேண்டும். எனக்கு அது சர்க்கஸ். புடவை கட்டிய சித்திக்குத் தினசரி அவமானம். டப்பாவை வைக்க ஒரு திட்டு கூடக் கிடையாது, ஈரத் தரையில்தான் வைக்க வேண்டும். “இதைக் கட்டினவன் ஒருநாளாவது இதுக்குள்ள போயிருப்பானா?” என்று சித்தி கேட்பாள். புலம்பல் என்றுதான் அப்போது நினைத்தேன். கட்டடங்களைப் பற்றி எழுத ஆரம்பித்த பிறகுதான் அது சுத்தமான தொழில்நுட்பக் கேள்வி என்று புரிந்தது.

பசுமைக் கட்டடம் என்றால் இன்று பத்திரிகையில் வரும் படம் வேறு மாதிரி இருக்கும். தில்லி ஜோர் பாகில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காக மத்தியப் பொதுப்பணித் துறை கட்டிய இந்திரா பர்யாவரண் பவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். கூரையில் 930 கிலோவாட் சூரியத் தகடுகள். ஓர் ஆண்டில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஏ.சி.யின் சூட்டைப் பூமிக்குள் இறக்கிய குழாய்களுக்குக் கடத்தும் ஏற்பாடும் உண்டு. நல்ல கட்டடம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அறைகளின் வெப்பநிலையை 26 டிகிரியை ஒட்டி வைத்துத்தான் அந்த மின்கணக்கையே போட்டிருக்கிறார்கள். ஓர் அதிகாரி 20 டிகிரி வேண்டும் என்று அடம்பிடித்தால் கூரையில் எத்தனை தகடு இருந்தாலும் கணக்கு உதைக்கும். உள்ளே உட்காருகிறவரின் சம்மதமும் அந்த இயந்திரத்தில் ஓர் உதிரிப் பாகம்தான்.

அமைச்சகத்தில் அந்தச் சம்மதத்தைச் சுற்றறிக்கை போட்டு வாங்கிவிடலாம். பராமரிக்க நிதி இருக்கிறது, எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். கல்லிமுனைச் சண்டாஸில் அது எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரு பொதுக் கட்டடம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் தில்லிக்குப் போவதைவிட மும்பைக் கல்லிகளுக்குள் போவதே மேல் என்கிறேன். இங்கே யார் யாரைக் கேட்டு என்ன வரைந்தார்கள் என்பதற்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவில் ஒரு தமிழ்க்காரர் நிற்கிறார்.

தச்சு வேலைக்காரரின் குப்பை மூட்டை

ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தச்சு வேலை தெரியும். 1960களில் பம்பாய்க்கு வந்து, மான்கூர்டில் அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் தங்கினார். அங்கே மாநகராட்சி குப்பை அள்ள வராது. அற்புதம் பிள்ளைகளைத் திரட்டினார், ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை கொடுத்தார், ஊர்வலமாக அழைத்துப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். பின்னாளில் அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. அதற்குப் பிறகு இருபக்கமும் உட்கார்ந்து பேசி, மக்கள் பெருக்கிச் சேர்ப்பது, மாநகராட்சி வண்டி அனுப்புவது என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்த கழிப்பறைத் திட்டங்களின் மூல வரைபடம் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஜனதா காலனியை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய் விட்ட இடம்தான் இன்றைய சீத்தா கேம்ப். அற்புதம் 1974ல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984ல் வந்த ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம், பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள் 1986ல் சேர்ந்து அமைத்த மகிளா மிலன் ஆகிய மூன்றும் கைகோத்த பிறகு வேலையின் தன்மை மாறியது. எதிர்ப்பு ஊர்வலத்தோடு நிற்காமல் வரைபடம் போட ஆரம்பித்தார்கள்.

வரைபடம் என்று நான் சொன்னாலும் அவர்கள் காகிதத்தில் வரையவில்லை. நடைபாதைப் பெண்கள் தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதை மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவிலேயே கட்டி நிறுத்தினார்கள். அடி, அங்குலம் தெரியாதவர்களுக்குப் புடவைதான் அளவுகோல். 14 அடி உயரம், நடுவில் ஒரு பரண் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவரிடம் வரைபடத்தை நீட்டிக் கருத்துக் கேட்பது ஒரு சடங்கு. முழு அளவு மாதிரிக்குள் அவரை நடக்க விட்டால், “இங்க தலை இடிக்குது, அடுப்பு இங்க வெச்சா புகை எங்க போகும்” என்று தானாகச் சொல்வார். கட்டடக் கலைஞர்கள் இன்று கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரி போட்டுச் செய்யும் காரியத்தை இவர்கள் துணியில் செய்தார்கள்.

இதே முறையைக் கழிப்பறைக்கும் கொண்டுபோனார்கள். சண்டாஸ் மேளா என்றே பெயர் வைத்து, முழு அளவு கழிப்பறை மாதிரிகளை ஊர் நடுவில் நிறுத்தி, அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். மேளா என்ற சொல்லுக்கே ஒரு துணிச்சல் வேண்டும். நம்மிடையே கழிப்பறை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசும் சமாச்சாரம், அதற்கு ரிப்பன் கட்டித் திருவிழா எடுத்தார்கள். 2001 ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன்கூடத்திலேயே ஒரு மாதிரி வீட்டையும் குழந்தைகள் கழிப்பறையையும் கட்டி நிறுத்த, அன்றைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து பார்த்தார்.

கேட்டதால் கிடைத்த விவரங்கள்

சரி, மக்களைக் கேட்டதால் கட்டடத்தில் என்னதான் மாறியது? இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் அறிக்கைகளில் அடிபட்டு அடிபட்டுச் சாரமில்லாமல் போய்விட்டது. உண்மையில் அதற்குள் இருப்பவை அங்குலக் கணக்கில் உள்ள விவரங்கள்.

முதலில் வரிசை. பழைய கட்டடங்களில் ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக நிற்கும். காலையில் டப்பாவோடு நிற்கும் பெண்ணை எதிர் வரிசை முழுக்கப் பார்க்கும். அதனால் பெண்கள் விடியுமுன் போவார்கள், அல்லது இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களும் உண்டு. பெண்கள் உட்கார்ந்து பேசிய இடங்களில் வாசலையே பிரித்துவிட்டார்கள். இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டும்படி கட்டடத்தைத் திருப்பினார்கள். செங்கல் எண்ணிக்கை கூடவில்லை, செலவும் கூடவில்லை. சுவரின் திசை மட்டும் மாறியது.

அப்புறம் குழந்தைகள். ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் வரிசையில் நிற்க விடமாட்டார்கள், பின்னால் தள்ளிவிடுவார்கள். உள்ளே போனாலும் இருட்டு, பெரிய குழி, விழுந்துவிடுவோமோ என்ற பயம். அதனால் பிள்ளைகள் சாக்கடை ஓரத்திலேயே உட்காரும். மாநகராட்சிக் கணக்கில் இத்தனை பேருக்கு இத்தனை இருக்கை என்று இருக்கும், பிள்ளைகள் மட்டும் அந்தக் கணக்குக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். தாய்மார்களிடம் கேட்டபோது வந்த தீர்வு எளியது. பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி, சின்னக் குழி, சின்னப் பீங்கான், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கதவே வேண்டாம், அம்மா வெளியிலிருந்து பார்க்கும் தூரம். பிள்ளைகளுக்கு அது பேச்சுத் துணையோடு உட்காரும் இடமாகிவிட்டது.

கதவு விஷயமும் உண்டு. இந்தக் கூட்டணி கட்டிய பல கழிப்பறைகளில் இருபக்கமும் ஆடும் கதவு வைத்தார்கள். வாளியோடு நுழையலாம், பிடியைத் தொட வேண்டியதில்லை. சித்தியின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருந்தது.

இன்னொரு கண்டுபிடிப்பு காவலர் குடியிருக்கும் அறை. கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் அவர் எட்டு மணி நேரம் இருப்பார், மீதி நேரம் விளக்கு எரிகிறதா, குழாய் ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. அதே கட்டடத்தில் ஓர் அறை கொடுத்துக் குடும்பத்தோடு தங்க வைத்தால், நாற்றம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். சுத்தமாக வைத்துக்கொள்ள அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? வாடகை கொடுக்க முடியாத ஒரு குடும்பத்துக்கு மும்பையில் தலைக்குமேல் கூரை, அதனால் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிப்பார்கள். மனிதாபிமானமா, சிக்கனமா என்று கேட்டால் இரண்டும் கலந்ததுதான். இதில் சுரண்டலின் வாடை லேசாக அடிக்கிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சில இடங்களில் மேலே ஒரு சமூகக் கூடமும் கட்டினார்கள். கழிப்பறைக்கு மேல் கல்யாணமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மேலே சாமி கும்பிடவும் டியூஷன் நடத்தவும் வேண்டுமானால் கீழே சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

காற்றும் வெளிச்சமும் கடைசியாக, ஆனால் அதிகம் பேசப்பட்டவை. மேல்சுவரில் ஜாலி, அதாவது துளை விட்ட தடுப்பு, வைத்தால் பகலில் விளக்கு வேண்டாம், நாற்றம் தேங்காது, தரை காயும். பசுமைக் கட்டட மதிப்பீட்டில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. கல்லியில் இதன் பெயர் ‘மூச்சு விட முடியுது’.

புனேயில்தான் இந்த முறை முதலில் பெரிய அளவில் நடந்தது. 1999 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் 400க்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டடங்களுக்கு அந்த மாநகராட்சி தொண்டு நிறுவனங்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. கட்டட வேலையைச் சில இடங்களில் மகிளா மிலன் பெண்களே கான்ட்ராக்ட் எடுத்தார்கள். மணல் எத்தனை லோடு, சிமென்ட் எத்தனை மூட்டை என்று கணக்கு வைத்த அனுபவம், பின்னால் கட்டடத்தில் விரிசல் விட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த அனுபவமாகவும் ஆனது.

டெண்டருக்கு முன்னா, பின்னா?

மும்பையில் நடந்தது கொஞ்சம் வேறு விதம். உலக வங்கிக் கடனில் 1995ல் வந்த பம்பாய்க் கழிவுநீர் வெளியேற்றத் திட்டத்துக்குள் குடிசைப் பகுதிச் சுகாதாரத்துக்கு என்று ஒரு பகுதி இருந்தது. அதில் பத்து ஆண்டுகளில் சுமார் 330 கட்டடங்கள், 5,100க்கும் மேற்பட்ட இருக்கைகள் வந்தன. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும், அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் இருக்கும் நகரத்துக்கு இது கொஞ்சம்தான். நான் கவனிக்கச் சொல்வது அந்த எண்ணிக்கையை அல்ல, ஒப்பந்தம் எழுதிய விதத்தை.

நம் ஊரில் பொதுக் கட்டடம் பிறக்கும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே. பொறியாளர் வரைவார், விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடுவார், டெண்டர் விடுவார், குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகும். மக்களிடம் எப்போது கேட்பார்கள்? கேட்டால், பூமி பூஜை அன்று. அப்போது ஒரு பெண் எழுந்து, வாசலை மறுபக்கம் வையுங்கள் என்று சொன்னால் அது ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’. கூடுதல் அனுமதி வேண்டும், தணிக்கையில் கேள்வி வரும், கான்ட்ராக்டர் கூடுதல் பணம் கேட்பார். பொறியாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க அவருக்கு எந்த விதியிலும் இடம் இல்லை. எஸ்டிமேட்டில் காகிதமாக இருந்தபோது ஒரு கோட்டை அழித்துப் போட்டிருக்கலாம். சென்டரிங் அடித்து கான்கிரீட் போட்ட பிறகு அதே யோசனை தொந்தரவாகிவிடுகிறது. நல்ல யோசனைக்கும் காலாவதி தேதி உண்டு.

மும்பைத் திட்டத்தில் மக்களைத் திரட்டுவது, வரைவது, கட்டுவது எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கட்டினார்கள். கட்டடக் கம்பெனியும் தொண்டு நிறுவனமும் சேர்ந்தே வர வேண்டும். முதலில் அந்தப் பகுதி மக்கள் ஒரு சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என்று பங்குத்தொகை கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலை. கட்டி முடித்ததும் நிலமும் கட்டடமும் மாநகராட்சிக்கே சொந்தம், நடத்துவதும் பராமரிப்பதும் சங்கத்தின் பொறுப்பு.

ஏழைகளிடம் எதற்கு 100 ரூபாய் வாங்க வேண்டும் என்று எனக்கும் கோபம் வந்தது உண்டு. பணக்காரப் பகுதியான மலபார் ஹில்காரர் சாக்கடை இணைப்புக்காகச் சங்கம் பதிவு செய்கிறாரா என்ன? அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பணம் கொடுத்தவர் கேள்வி கேட்பார் என்பதும் நேரில் பார்த்த உண்மை. “என் காசும் இதுல இருக்கு, டைல்ஸ் ஏன் இப்படி ஒட்டியிருக்க?” என்று மேஸ்திரியிடம் கேட்கும் அதிகாரம் அந்த 100 ரூபாயில் வந்தது. அரசு கொடுத்த இலவசம் என்றால் அந்தக் கேள்வி நாக்கு வரை வந்து திரும்பிவிடும்.

மோட்டார் ஓட வேண்டுமே

தினசரிக் கணக்குக்கு வருவோம். திட்டத்தின் அளவுகோல் 50 பேருக்கு ஓர் இருக்கை. இருபது இருக்கை உள்ள கட்டடம் என்றால் ஆயிரம் பேர், சுமாராக 200 குடும்பம். தொடக்கத்தில் மாத பாஸ் குடும்பத்துக்கு 20 ரூபாய் என்ற அளவில் இருந்தது. ஒரு பேச்சுக்கு இன்று 60 ரூபாய் என்று வைத்தால் மாதம் 12,000 ரூபாய். காவலர் சம்பளம், கரண்ட் பில், தண்ணீர் பில், பினாயில், துடைப்பம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மோட்டார் காயில் எரிந்துபோனால் அந்த மாதம் நஷ்டம். கட்டடம் எப்படி வரையப்பட்டது என்பது இந்த இடத்தில்தான் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறது. ஜாலி இருந்தால் பகல் கரண்ட் மிச்சம். தொட்டி உயரத்தில் இருந்தால் மோட்டாரை இரண்டு முறை போட்டால் போதும். தரைச் சரிவு ஒழுங்காக இருந்தால் கழுவும் தண்ணீர் பாதி.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். மும்பையில் குடிசைப் பகுதிக்குத் தலைக்கு 45 லிட்டர், மற்றவர்களுக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சியின் நெடுநாள் கணக்கு. இந்த நிலையில் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஃபிளஷ் தொட்டி வைத்தால் என்ன ஆகும்? ஆயிரம் பேர் ஒருமுறை போனாலே 10,000 லிட்டர். சுலப் கழிப்பறைகளில் பிரபலமான செங்குத்துச் சரிவுப் பீங்கானில், நாற்றம் மேலே வராமல் தடுக்கத் தேங்கி நிற்கும் நீரடைப்பு 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு லிட்டரைக் கையால் ஊற்றினாலே போய்விடும். 2,000 லிட்டரில் வேலை முடிந்தது. மிச்சமான 8,000 லிட்டர், 45 லிட்டர் கணக்கில் 175க்கும் மேற்பட்டவர்களின் ஒருநாள் தண்ணீர். இதற்குச் சூரியத் தகடும் வேண்டாம், நட்சத்திரச் சான்றிதழும் வேண்டாம். இன்னொரு வழியை 2016ல் காட்கோபரின் ஆசாத் நகரில் திறந்த சுவிதா என்ற பொதுக் கழிப்பறை மையத்தில் பார்க்கலாம். குளிக்க, துவைக்க, கை கழுவ நல்ல தண்ணீர், அந்தத் தண்ணீரையே சேர்த்துச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கு. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை. நம் வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு வைத்த அதே புத்திதான்.

சறுக்கிய இடங்கள்

இதுவரை படித்தால் எல்லாம் சுபமாக முடிந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை.

சங்கம் என்று பதிவானதெல்லாம் சங்கமாகவே இருந்துவிடவில்லை. சில இடங்களில் பகுதியின் செல்வாக்குள்ள ஓர் ஆள் சாவியை வாங்கினார், பாஸ் முறை போய் ஒவ்வொரு தடவைக்கும் காசு என்றானது. ஆறு பேர் உள்ள வீட்டில் அது மாதத்துக்குப் பல நூறு ரூபாய். மேல்மாடிக் கூடம் கட்சி அலுவலகமானதும் உண்டு. ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்கு மட்டும் காசு என்ற அநியாயத்தை எதிர்த்து 2011ல் மும்பையில் பெண்கள் அமைப்புகள் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. கலந்து பேசுவது கட்டும்வரை நடந்தால் போதாது. ஒவ்வொரு ஆண்டும் கணக்குக் காட்டும் கூட்டம் நடக்காத இடத்தில் நல்ல வரைபடமும் தனிச் சொத்தாகிவிடுகிறது.

நில விவகாரம் இன்னொன்று. மும்பைக் குடிசைகளில் கணிசமானவை ரயில்வே, துறைமுகம், மத்திய அரசு நிலங்களில் இருக்கின்றன. அங்கே ஒரு செங்கல் வைக்கவும் நிலத்துக்காரரின் ஆட்சேபனையில்லாச் சான்று வேண்டும். கழிப்பறை கட்ட விட்டால் குடிசையை அங்கீகரித்ததாகிவிடும் என்ற பயத்தில் பல இடங்களில் அது வருவதே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சறுக்கல் தரைக்கு அடியில் இருக்கிறது. சாக்கடைக் குழாய் எட்டாத இடங்களில் கட்டடத்துக்குக் கீழேயே செப்டிக் டேங்க். அது நிரம்பினால் பக்கத்து நாலாவில், அதாவது கழிவுநீர் ஓடும் கால்வாயில், கலக்கும். மேலே ஜாலி, கீழே நாலா என்றால் அதைப் பசுமைக் கட்டடம் என்று எப்படிச் சொல்வது? அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2017ல் மான்கூர்டிலும் 2018ல் பாண்டுப்பிலும் பொதுக் கழிப்பறை இடிந்து, உள்ளே போனவர்கள் மலத்தொட்டியில் விழுந்து இறந்தார்கள். சதுப்பு மண், அடைபட்ட மலவாயு, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை. தொட்டியின் மேல்தளம் எத்தனை வருடம் தாங்கும் என்பதைப் பயன்படுத்துகிறவரிடம் கேட்க முடியாது, அதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கலந்து கட்டுவது என்றால் பொறியாளர் ஒதுங்கிக்கொள்வது என்று சிலர் புரிந்துவைத்திருக்கிறார்கள். வாசல் எந்தப் பக்கம் என்பதில் சித்தி நிபுணர். கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்பதில் அவள் நிபுணர் அல்ல, அவளுக்கு அந்த ஆசையும் கிடையாது. தொட்டியை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டால், சோதிக்க ஆள் வரவில்லை என்று சத்தம் போடுவதில் அவள் நிபுணர்.

யாரையும் கேட்காமல் மொத்தமாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு கோவண்டியையும் மான்கூர்டையும் பார்க்கலாம். திட்டங்களுக்காக வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்த நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் லல்லுபாய் காம்பவுண்டிலும் மாடிக் கட்டடங்கள் கைநீட்டினால் தொடும் நெருக்கத்தில் நிற்கின்றன. கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. வெயிலும் காற்றும் புகாத அந்த வீடுகளில் காசநோய் அதிகம் பரவியதை மருத்துவர்கள் அமைப்பு ஒன்று ஐ.ஐ.டி. பம்பாயோடு சேர்ந்து ஆய்வு செய்து 2018ல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் தனிக் கழிப்பறை வந்தது, ஜன்னலுக்கு வெளியே வானம் போனது. நட்வர் பாரேக்கில் பின்னால் கம்யூனிட்டி டிசைன் ஏஜென்சி என்ற அமைப்பு மக்களோடு உட்கார்ந்து, நாறிக் கிடந்த இடைவெளிகளையும் கழிவுநீர்க் குழாய்களையும் சரிசெய்யும் வேலையில் இறங்கியது. கிதாப் மகால் என்று பிள்ளைகளுக்கு ஒரு நூலகமும் வந்தது. ஆனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருக்கும் தூரத்தை இனி யாராலும் கூட்ட முடியாது. அந்த முடிவுக்கான காலாவதி தேதி என்றோ முடிந்துவிட்டது.

தாராவியில் இப்போது அதே கட்டம். மறுசீரமைப்பில் தகுதி பெறும் குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு, உள்ளேயே கழிப்பறை என்கிறார்கள். வரிசையில் நிற்கும் காலம் முடிந்தால் நல்லதுதான், சண்டாஸ் வரிசைக்காக யாரும் ஏங்கப்போவதில்லை. ஆனால் பொதுச் சண்டாஸ் போன இடத்தில் லிஃப்ட், பம்ப் ரூம், மொட்டைமாடித் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் என்று புதிதாக நாலு பொதுச் சொத்து வருகிறது. மாத பாஸுக்குப் பதில் மெயின்டெனன்ஸ் பில் வரும்.

சித்தி இப்போது வேறொரு பகுதியில், மறுகுடியமர்வுக் கட்டடம் ஒன்றில், ஏழாவது மாடியில் இருக்கிறாள். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது, டப்பா வைக்கத் திட்டும் இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டே காட்டினாள். நான் போன அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடவில்லை என்றார்கள். பம்ப் ரூம் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அந்த மாடியில் நாலு வீட்டில் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. சித்தி இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள்.